பாத்திரம் தேய்க்கும் கைக்கு ஏற்ற பாட்டு

அலுவலகத்திலிருந்து வீடு திரும்பும்போது மணி ஆறரை ஆகிவிடும். சிங்க்கில் காலை டிபன் பாத்திரமும் மதியம் சோறு வடித்த பானையும் கிடக்கும். மொட்டைமாடிக் கொடியில் துணி காய்ந்திருக்கும். கூடத்தைப் பெருக்க வேண்டும், முடிந்தால் துடைக்கவும் வேண்டும். இரவுச் சமையலில் இறங்குவதற்கு முன்னால் எனக்குக் கிடைப்பது முக்கால் மணி நேரம். வேலையை முடிப்பதும் அந்த முக்கால் மணிக்குள்தான், அலுவலகக் களைப்பை இறக்கி வைப்பதும் அதற்குள்தான். எட்டு வருடமாக இதைப் பாட்டோடு செய்து வருகிறேன்.

முதல் இரண்டு வருடம் எனக்குச் சரியாக வரவில்லை. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று குத்துப் பாட்டாகப் போட்டேன். வேலை முடிந்தது உண்மைதான். ஆனால் ராத்திரி பத்து மணிக்குப் படுத்தாலும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. சரி, அமைதியாகப் போடுவோம் என்று மெல்லிய பாட்டுக்கு மாறினேன். சோப்பு நாரைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எட்டரை ஆகியும் பாதிப் பாத்திரம் அப்படியே இருந்தது. இரண்டிலும் ஒரே தவறுதான் செய்தேன். பாட்டை என் மனசுக்குப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன், கைக்குப் பார்க்கவில்லை.

இதை எனக்குப் புரியவைத்தது சேரன்மகாதேவியில் இருந்த என் ஆச்சியின் ஞாபகம். ஆச்சியும் பக்கத்து வீட்டு அக்காவும் ஒரே உரலில் ஆளுக்கொரு உலக்கையோடு மாற்றி மாற்றிக் குத்துவார்கள். ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே விழும். வாய் ஏதாவது ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். எட்டு வயதில் நானும் ஒருநாள் உலக்கையைப் பிடித்துப் படபடவென்று குத்தினேன். ஆச்சி, "ஏட்டி, உலக்கைய அவசரப்படுத்தாத. பாட்டு போற போக்குக்கு அது தானா விழும்" என்றாள். நெல் குத்தும்போது பாடும் பாட்டுக்கு வள்ளைப் பாட்டு என்றே பெயர் உண்டு. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் அது வருகிறது. திருவாசகத்தில் பொற்சுண்ணம் என்ற வாசனைப் பொடி இடிக்கும் பெண்கள் பாடுவதாக இருபது பாட்டுகள் இருக்கின்றன. ஏற்றம் இறைப்பவனுக்கு ஒரு பாட்டு, நாற்று நடுபவளுக்கு ஒரு பாட்டு என்று ஒவ்வொரு வேலைக்கும் தனிப் பாட்டு இருந்தது. கையின் அசைவு வேறு, அதனால் பாட்டும் வேறு. நாம் செய்ய வேண்டியதும் இதைத்தான். நாமே பாடுவதற்குப் பதிலாகக் கைப்பேசி பாடுகிறது, அவ்வளவே வித்தியாசம்.

முதலில் உங்கள் கையை எண்ணுங்கள்

பாட்டைத் தேடுவதற்கு முன்னால் ஒருநாள் பாட்டே இல்லாமல் வேலை செய்யுங்கள். அவசரம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பாருங்கள். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, பதினைந்து விநாடியில் கை எத்தனை முறை போய் வருகிறது என்று எண்ணி நாலால் பெருக்குங்கள். எனக்குப் பாத்திரம் தேய்க்கும்போது பதினைந்து விநாடிக்கு 24 சுற்று வந்தது. அதாவது நிமிடத்துக்கு 96. தென்னை விளக்குமாற்றால் முற்றம் பெருக்கும்போது 12 வீச்சு, நிமிடத்துக்கு 48. உங்களுக்கு வேறு எண் வரலாம். உயரமும் சிங்க்கின் உயரமும் வயதும் அதை மாற்றும். என் அத்தைக்கு எல்லாமே என்னுடையதில் முக்கால்வாசிதான்.

அடுத்து பாட்டை எண்ணுங்கள். இதுவும் அதே முறைதான். பாட்டைப் போட்டு மேஜையில் விரலால் தட்டுங்கள். எங்கே தட்டுவது என்று யோசிக்க வேண்டாம், கால் தானாக ஆடும் இடத்தில் தட்டினால் போதும். பதினைந்து விநாடியில் எத்தனை என்று பார்த்து நாலால் பெருக்கினால் அதுதான் வேகம். தட்டத் தட்ட எண்ணைக் காட்டும் மெட்ரோனோம் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. கை வேகமும் பாட்டு வேகமும் ஒன்றாக இருந்தால் நல்லது. ஒன்று மற்றதில் சரிபாதியாக இருந்தாலும் பொருந்தும். என் விளக்குமாற்றின் 48-க்கு 96 வேகப் பாட்டு அழகாக உட்காரும், ஒரு வீச்சுக்கு இரண்டு தட்டு.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, இந்த எட்டு வருடத்தில் எனக்கு அதிகம் உதவியதும் அதுதான். பாட்டின் வேகம் உங்கள் கையைவிட நாலைந்து எண் குறைவாக இருக்கட்டும். 96 போகும் கைக்கு 90, 92. அலுவலகத்திலிருந்து வந்த கை இயல்பைவிடக் கொஞ்சம் விரைவாகவே இருக்கும். பாட்டு கொஞ்சம் நிதானமாக இருந்தால் இரண்டாவது பாட்டுக்குள் கை அதோடு சேர்ந்துவிடும், தோள் இறங்கும், மூச்சும் சீராகும். இருபது எண் குறைத்தால் தூக்கம் வரும், பத்து எண் கூட்டினால் படபடப்பு வரும். உற்சாகமும் இளைப்பாறலும் ஒன்றாக இருக்கும் இடம் அந்த நாலைந்து எண்ணுக்குள்தான்.

எந்த வேலைக்கு எந்த நடை

பள்ளி நாட்களில் நாலு வருடம் பாட்டு கிளாஸ் போனவள் நான். அங்கே படித்ததில் இன்றைக்கும் தினமும் பயன்படுவது தாளம். தாளம் தெரியாவிட்டாலும் கவலை இல்லை, வாயால் சொல்லிப் பார்த்தாலே போதும்.

பாத்திரம் தேய்ப்பது, தேங்காய் துருவுவது, சப்பாத்தி மாவு பிசைவது எல்லாம் "தகதிமி, தகதிமி" என்று நாலு நாலாகப் போகும் வேலைகள். ஆதி தாளத்தில் மத்திம வேகத்தில் வரும் எதுவும் இவற்றுக்குப் பொருந்தும். சினிமாப் பாட்டுகளிலும் பெரும்பாலானவை நாலு நடைதான்.

தரை துடைப்பது வேறு மாதிரி. மாப்பை இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று வீசும்போது உடம்பே ஊஞ்சல் மாதிரி ஆடும். அதற்கு "தகிட, தகிட" என்ற மூன்று நடை வேண்டும். ஒரு வீச்சுக்கு ஒரு தகிட. கும்மிப் பாட்டில், தெம்மாங்கில், படகுப் பாட்டில் இந்த ஊஞ்சலாட்டம் நிறைய உண்டு. 80களின் சினிமாப் பாட்டுகளிலும் ஏராளம். ஒருமுறை மூன்று நடைப் பாட்டோடு கூடத்தைத் துடைத்துப் பாருங்கள், இடுப்பு வலி குறைவது உங்களுக்கே தெரியும். நாலு நடைக்கு மாப்பைப் போட்டால் நான் ஒவ்வொரு திருப்பத்திலும் வெட்டி வெட்டி இழுக்கிறேன், மூன்று நடையில் அது வழுக்கிக்கொண்டு திரும்புகிறது.

"தகிட தகதிமி" என்று ஏழாகப் போகும் மிஸ்ர சாப்பு எனக்கு உயிர். ஆனால் அதை விளக்குமாறோடும் மாப்போடும் சேர்க்க வேண்டாம். ஒரு வீச்சு மூன்று, மறு வீச்சு நாலு என்று கை தடுமாறும். கீரை ஆய்வதற்கும் துணி மடிப்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு வேலைக்கும் கையில் தாளமே கிடையாது. ஒரு புடவைக்கு ஒரு நேரம், ஒரு கைக்குட்டைக்கு வேறு நேரம். அதனால் இங்கே எதுவும் கேட்கலாம், தாளமே இல்லாத ராக ஆலாபனைகூடக் கேட்கலாம். அதே ஆலாபனையைப் பாத்திரம் தேய்க்கும்போது போட்டால் கை எதைப் பிடித்துப் போவது என்று தெரியாமல் நின்றுவிடும். தனி ஆவர்த்தனத்துக்கும் அப்படித்தான் ஆகும். மிருதங்கமும் கடமும் பேசிக்கொள்ளும்போது எந்தக் கை வேலை செய்யும்?

ராகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாலை நேரத்துக்கு மோகனம், ஹம்சத்வனி, கதனகுதூகலம், குந்தலவராளி என்று தேடிப் பாருங்கள். முதல் இரண்டும் ஐந்தே சுரங்கள் கொண்டவை. காதுக்குப் பாரமில்லாமல் மலர்ச்சியாக இருக்கும். கதனகுதூகலத்துக்குப் பெயரிலேயே குதூகலம் இருக்கிறது. நீலாம்பரி தாலாட்டு ராகம், அதைக் குழந்தையைத் தூங்க வைக்கும்போது போடுங்கள். முகாரியும் சுபபந்துவராளியும் எனக்கு மிகவும் பிடித்தவை, ஆனால் சிங்க்குக்கு முன்னால் நிற்கும்போது அவை மனசைக் கனக்க வைக்கின்றன.

வார்த்தை வேண்டுமா, வேண்டாமா?

இதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவள். வேலைக்கான பட்டியலில் முதல் பாதி வார்த்தை இல்லாத இசையாக இருக்கட்டும். அலுவலகத்தில் நாள் முழுக்க வார்த்தைதானே கேட்டோம்? என். ரமணியின் புல்லாங்குழல், சிட்டிபாபுவின் வீணை, கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோன், மாண்டலின் ஸ்ரீநிவாஸ் என்று நமக்கு எதற்கும் குறைவில்லை. கச்சேரிப் பதிவை அப்படியே முழுசாகப் போடாதீர்கள். நடுவில் வரும் நீண்ட ராகமும் தனியும் வேலைக்கு உதவாது. கச்சேரியின் கடைசி இருபது நிமிடத்தில் வரும் சின்னச் சின்ன உருப்படிகளான துக்கடாக்களைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று, நாலு நிமிடத்தில் ஒவ்வொன்றும் முடியும், நல்ல ஓட்டமும் இருக்கும். ஸ்ரீநிவாஸின் பதிவுகளில் சில மின்னல் வேகம் போகும். அவற்றை எண்ணிப் பார்த்துச் சேருங்கள்.

வார்த்தையும் வேண்டும், ஆனால் அது மனசை இழுக்கக் கூடாது என்றால் தில்லானாதான் வழி. பெரும்பகுதி "தீம் தன, தோம் தன" என்று ஜதியாகவே, அதாவது தாளச் சொற்களாகவே போகும். கடைசியில்தான் பொருளுள்ள வார்த்தையாக இரண்டு மூன்று வரி சாகித்தியம் வரும். லால்குடி ஜெயராமனின் தில்லானாக்கள் எல்லாம் இந்த வேலைக்கென்றே செய்தவை மாதிரி எனக்குத் தோன்றும். துள்ளல் இருக்கும், ஆனால் அவசரம் இருக்காது.

இரண்டாம் பாதியில் சினிமாப் பாட்டு வரலாம். உங்களுக்கு மனப்பாடமான பழைய பாட்டாகப் பாருங்கள். புதுப் பாட்டு என்றால் வரியைப் பிடிக்கக் காது ஓடும். மனப்பாடமானது என்றால் வாய் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும், கை வேலையைப் பார்க்கும். வாய்விட்டுப் பாடுங்கள், தயவுசெய்து கூச்சப்படாதீர்கள். ஆச்சி பாடியதும் அதற்குத்தான்.

ஆனால் உயிருக்கு உயிரான பாட்டைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். தினமும் கேட்டால் அது தேய்ந்துபோகும். எனக்கு அப்படி ஒரு பாட்டு போய்விட்டது. இப்போது எங்கே கேட்டாலும் சபீனா வாசனைதான் ஞாபகம் வருகிறது. அதே போல, நினைவு ஒட்டிக்கொண்ட பாட்டையும் எடுத்துவிடுங்கள். அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போன ஆட்டோவில் ஒரு பாட்டு ஓடியது. சந்தோஷமான பாட்டுதான். இரண்டு வருடம் கழித்து ஒருநாள், செயலி தானாக அடுத்த பாட்டைப் போடும்போது அது வந்துவிட்டது. கை ஈரத்தோடு கைப்பேசியைத் தொடவும் முடியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கே தானாக அடுத்தது ஓடும் வசதியை அணைத்தேன். நீங்களும் அணைத்துவிடுங்கள். பாட்டுகளைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டால் நடுவில் விளம்பரமும் கத்தாது.

எந்த வரிசையில் போடுவது

வந்ததும் துள்ளலாகத் தொடங்க வேண்டாம். இசையை மருத்துவமாகப் பயன்படுத்துபவர்கள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். கேட்பவர் இப்போது என்ன மனநிலையில் இருக்கிறாரோ அதற்குப் பக்கத்தில் இருக்கும் இசையில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவார்கள். களைத்து வந்த அன்றைக்கு நான் 80-ல் ஒரு புல்லாங்குழலோடு கீரையைக் கையில் எடுப்பேன். அது முடிவதற்குள் 88, அப்புறம் பாத்திரத்துக்கு 92. கோபத்தோடு வந்த நாளில் இது எடுபடாது. அன்றைக்கு முதலில் தவில் வேண்டும், ஒட்டடைக் கம்பை எடுக்க வேண்டும். பத்து நிமிடம் ஒட்டடை அடித்தால் கோபத்தில் பாதி இறங்கும்.

இரண்டாம் உலகப் போர் நடந்த 1940-ல் பிபிசி வானொலி, தொழிற்சாலையில் வேலை செய்பவர்களுக்காகத் தினமும் இரண்டு வேளை, அரை அரை மணி நேரம் இசை ஒலிபரப்பத் தொடங்கியது. 1967 வரை அது ஓடியது. அதில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. நடுவில் கைதட்டல் வரும் ஒரு அமெரிக்கப் பாட்டை அந்த நிகழ்ச்சியில் போடாமல் தவிர்த்தார்கள். தொழிலாளர்கள் கையில் இருக்கும் கருவியால் தாளம் தட்டிவிடுவார்கள் என்ற பயம். கண்ணாடி தம்ளர் கழுவும்போது கைதட்டல் பாட்டு வந்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். ஒரு செட்டில் இப்போது நாலுதான் பாக்கி. கண்ணாடியை முதலிலேயே, மெதுவான பாட்டிலேயே கழுவி வைத்துவிடுங்கள்.

நடுவில் சும்மா விடுவதும் பட்டியலில் சேரும். அமெரிக்காவில் அலுவலகங்களுக்கு இசை அனுப்பிய மியூசாக் நிறுவனம் கால் மணி நேரம் இசை, கால் மணி நேரம் மௌனம் என்று மாற்றி மாற்றி அனுப்பியது. தொடர்ந்து ஓடினால் காது மரத்துப்போகும். எனக்குக் கால் மணி அதிகம், மூன்று நிமிடம் போதும். பாத்திரம் முடிந்து துடைப்பத்தை எடுக்கும் முன் பாட்டை நிறுத்தி ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்பேன். தெருவில் பூக்காரம்மா குரல் கேட்கும். அப்புறம் வரும் பாட்டு புதுசாகக் கேட்கும்.

குக்கரும் ஸ்பீக்கரும்

அடுப்பில் ஏதாவது இருக்கும்போது இரண்டு காதிலும் இயர்போன் மாட்டாதீர்கள். இதை நான் பருப்பு கருகித்தான் கற்றுக்கொண்டேன். மூன்று விசிலுக்கு வைத்த குக்கர், நாதஸ்வரத்தின் மேல்ஸ்தாயியோடு கலந்து எத்தனை விசில் விட்டதென்றே தெரியவில்லை. வாசனை வந்து பார்த்தபோது அடியில் கரி. கேஸ் அடுப்பு, பால், வாசலில் கூப்பிடும் ஆள், தொட்டில் குழந்தை எல்லாவற்றுக்கும் காது திறந்திருக்க வேண்டும். குக்கருக்குக் கைப்பேசியில் நேரம் வைத்துவிடுங்கள், விசிலை நம்ப வேண்டாம்.

சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர் இருந்தால் தாராளம். வாங்கும்போது ஐபிஎக்ஸ்4 என்று போட்டிருந்தால் தண்ணீர் தெறிப்பதைத் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். சிங்க்குக்கு மேலேயே வைப்பதற்கு நாலே போதும். சுவர் மூலையில் ஒட்டி வைக்காதீர்கள். அங்கே கீழ்ஸ்தாயி வீங்கி, பக்கத்து வீட்டுச் சுவரும் அதிரும். ஸ்பீக்கர் இல்லையென்றால் காலி மண்சட்டிக்குள் கைப்பேசியை நிறுத்திப் பாருங்கள், சத்தம் திரண்டு வரும். எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்தால் சத்தம் கூடும், ஆனால் தகரம் மாதிரி கூர்மையாகக் குத்தும்.

சத்தத்துக்கு என் அளவு குழாய்த் தண்ணீர். தண்ணீர் விழும் சத்தம் பாட்டுக்கு அடியில் கேட்க வேண்டும். மிக்சி போடும்போது பாட்டைக் கூட்டாதீர்கள், நிறுத்திவிடுங்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் வரை 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான அளவு. மிக்சியோடு போட்டி போட்டால் அந்த அளவை எளிதாகத் தாண்டிவிடுவோம்.

வீட்டில் மற்றவர்களும் இருக்கிறார்களே. அத்தைக்கு விளக்கு வைக்கும் நேரத்தில் பக்திப் பாட்டுதான் வேண்டும். பையனுக்குப் பதிமூன்று வயது, அவன் கேட்பது வேறு உலகம். சண்டை வராமல் இருக்க ஒரு ஏற்பாடு செய்தோம். விளக்கு ஏற்றிப் பத்து நிமிடம் அத்தையின் பாட்டு. அந்த நேரத்தில் நான் பூ கட்டுவேன், அதற்கு அது அழகாகப் பொருந்துகிறது. துடைக்கும் வேலையைப் பையனுக்குக் கொடுத்துவிட்டேன். துடைப்பவன்தான் பாட்டைத் தேர்ந்தெடுப்பான், ஆனால் மூன்று நடையில் இருக்க வேண்டும். முதல் வாரம், "அம்மா, மூணு நடையில எனக்குப் பிடிச்சது ஒண்ணுமே இல்ல" என்றான். மேஜையில் தட்டித் தட்டித் தேடியவன் இப்போது பதினோரு பாட்டு சேர்த்து வைத்திருக்கிறான். அதில் நாலு என் பட்டியலுக்கும் வந்துவிட்டது.

மாதம் ஒருமுறை பட்டியலில் பாதியை மாற்றுவேன். மாற்றாமல் வைத்திருப்பது கடைசிப் பாட்டு ஒன்றைத்தான். சேரன்மகாதேவியிலிருந்து அதிக தூரமில்லாத ஹரிகேசநல்லூரைச் சேர்ந்த முத்தையா பாகவதர், சங்கராபரண ராகத்தில் இங்கிலீஷ் நோட் என்று ஒன்று செய்திருக்கிறார். மதுரை மணி ஐயர் கச்சேரி முடிவில் பாடிப் பாடி அதைப் பிரபலமாக்கினார். வார்த்தை கிடையாது, வெறும் சுரம். நடை போடுகிற மாதிரி துள்ளிக்கொண்டு போகும், யாரையும் விரட்டாது. அது தொடங்கும்போது என் கையில் இருப்பது அடுப்பு மேடை துடைக்கும் துணி. முடிவதற்குள் மேடையைத் துடைத்து, துணியைப் பிழிந்து ஜன்னல் கம்பியில் போட்டுவிடுவேன்.